நடுக்கடலில் இன்ஜினை நிறுத்திய அண்ணிக்கு

அண்ணி,

இன்று மாலை கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்து காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்றது. மறுபடி திருப்பினேன். மறுபடியும் அதே ‘டக்’. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. பிரிக்பீல்ட்ஸில் அந்த நேரத்தில் பார்க்கிங் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். என் இடத்துக்காகக் காத்திருந்த ஒருவர் பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு ‘டக்’ என்னை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டது.

பேட்டரி மாற்ற வந்தவர் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “அக்கா, பேட்டரி கொங் லா. சுத்தமா செத்துப் போச்சு. நல்ல வேளை, ஹைவேயில நிக்கல” என்றார். பழையதைக் கழற்றித் தரையில் வைத்தபோது அதன் முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தது. புளித்த இரும்பு மாதிரி ஒரு வாடை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாடை பிடிக்கவில்லை போல என்று நினைத்திருப்பார். ஹைவேயை விட மோசமான இடத்தில் நான் நின்றிருக்கிறேன் தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தத் தெருவில் நின்றுகொண்டு என்னால் முடியாது. அதனால்தான் வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல், உங்களுக்கே எழுத உட்கார்ந்தேன்.

முப்பது வருடத்துக்கு மேல் நீங்கள் எனக்கு அண்ணியாக இருந்தீர்கள். ஆனால் அதில் பெரும்பகுதி நாம் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்தால் “சாப்ட்டியா ரேணு?” “சாப்ட்டேன் அண்ணி, நீங்க?” என்பதற்கு மேல் அதிகம் ஞாபகம் வரவில்லை. நமக்குள் சண்டை கிடையாது. நெருக்கமும் கிடையாது. தீபாவளிக்கு நீங்கள் எனக்கு ஒரு சேலை எடுப்பீர்கள். நான் உங்களுக்கு ஒரு டப்பா நெய்யுருண்டை கொண்டுவருவேன். நடுவில் அண்ணன் உட்கார்ந்திருப்பார். அவர் பேசுவார், நாம் இருவரும் அவரைப் பார்த்துச் சிரிப்போம். அவர் பாத்ரூமுக்கு எழுந்து போனால் நாம் இருவரும் டிவியைப் பார்ப்போம்.

அந்த அண்ணன் ஒரு நாள் காலை ஷா ஆலம் ஃபேக்டரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை.

கிள்ளானில் உங்கள் வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, அவரைக் கிடத்தியிருந்த அன்று நீங்கள் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “கல்லு மாதிரி நிக்கிறா பாரு” என்று யாரோ என் காதுபடச் சொன்னார்கள். உங்கள் காதிலும் விழுந்திருக்கும். நீங்கள் தண்ணீர் பாட்டில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் அஸ்தியைக் கரைக்க ஆண்கள் கிளம்பினார்கள். உங்களுக்கு ஒரே மகள்தான் என்பதால் சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்திருந்தான். அவன் கையில் கலயம். நீங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, “நானும் வரேன் மாமா” என்றீர்கள். சித்தப்பா அதட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். “பொம்பளைங்க வர்றது நம்ம வழக்கமில்லம்மா. நாங்க பாத்துக்கறோம். நீ உள்ள போ.” நீங்கள் செருப்பைக் கழற்றி, ஜோடி மாறாமல் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனீர்கள்.

அவர்கள் மத்தியானம் திரும்பி வந்தபோது நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. “எங்க கரைச்சீங்க?”

“கடல்லதான்” என்றார் சித்தப்பா.

அந்தப் பதிலை நானும் கேட்டேன். அப்போது அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். அதற்கு முன் நீங்களாக எனக்குப் போன் செய்ததே கிடையாது. “ரேணு, ஞாயித்துக்கிழமை சும்மாதான இருப்ப? உங்கண்ணனோட போட்டக் கடலுக்கு எடுக்கலாம்னு இருக்கேன். கூட வரியா?” எதற்கு என்று கேட்டேன். “அவர எங்க விட்டாங்கன்னு பாக்கணும்.”  பிறகு, “நீச்சல் தெரியுமா?” என்றீர்கள். தெரியாது என்றேன். “எனக்கும் தெரியாது. லைஃப் ஜாக்கெட் இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

அண்ணனுடைய போட் என்றால் என்ன, பழைய ஃபைபர் போட், பின்னால் ஒரு இன்ஜின். கிள்ளான் ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகைப் படகுத்துறையில் கட்டிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கல்யாணமான புதிதில் நீங்களும் கூடப் போவீர்களாம். ஸ்டியரிங் பிடிக்க அப்போதே கற்றுக்கொண்டீர்களாம். அன்றுதான் எனக்கு அது தெரிந்தது.

படகுத்துறையைப் பார்த்துக்கொள்ளும் பாக் மான் நமக்காகக் காத்திருந்தார். அஸ்தி எடுத்துப் போனவர்களைத் தன் படகில் கூட்டிப்போனவரும் அவர்தான். மலாய்க்காரர்தான், ஆனால் பந்திங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு பிறந்து வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். எந்த இடம் என்று உங்களுக்குக் கையை நீட்டிக் காட்டினார். அலையாத்திக் காட்டைத் தாண்டி, சிவப்பு மிதவை தெரிகிற வரைக்கும் போக வேண்டும்.

நீங்கள் சாவியைத் திருப்பினீர்கள். இன்ஜின் முனகி முனகி, வேண்டா வெறுப்பாகப் பிடித்துக்கொண்டது. பாக் மான் முகம் மாறியது. “தங்கச்சி, மூணு மாசமா சும்மா கெடந்த பேட்டரி. வீக்கா இருக்கு. நான் கூட வரட்டா?”

“வேணாம் பாக். நாங்களே போயிட்டு வந்துடறோம்.”

“அப்ப ஒண்ணு செய்யுங்க. கரைக்குத் திரும்பி வர்ற வரைக்கும் இன்ஜின நிறுத்தாதீங்க.”

நீங்கள் தலையாட்டினீர்கள். நானும் பார்த்தேன், தலையாட்டினீர்கள்.

அன்று கடல் பழுப்பாக, சமர்த்தாக இருந்தது. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. உங்கள் மடியில் ஒரு பை. நான் பயத்தில் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் தலைமுடியை ரப்பர் பேண்டில் கட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஓட்டினீர்கள். இந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லையே என்று நினைத்தேன்.

சிவப்பு மிதவை தெரிந்தது. நீங்கள் வேகத்தைக் குறைத்தீர்கள். பிறகு சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திவிட்டீர்கள்.

“அண்ணி! நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாரே!”

“இந்தச் சத்தத்துல அவர்கிட்ட எப்படி ரேணு பேசறது?” என்றீர்கள்.



பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளித் தண்ணீரில் விட்டீர்கள். வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து விட்டீர்கள். மிளகாய்ச் சம்பல் தனியாக எண்ணெயோடு மிதந்து போனது. கடைசியில் பிளாஸ்கைத் திறந்தீர்கள். பால் சேர்க்காத கோப்பி ஓ. “சுகர் இருக்குன்னு இத்தன வருஷமா உங்களுக்குச் சீனி போடாமயே குடுத்தேங்க. மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டே குடிப்பீங்க. இன்னிக்கு நெறைய போட்டிருக்கேன். குடிங்க” என்று சொல்லி ஊற்றினீர்கள். பழுப்புத் தண்ணீரில் கறுப்புக் கோப்பி ஒரு நொடியில் காணாமல் போனது. நான் அழுதேன். நீங்கள் அழவில்லை.

“சரி, போகலாம்” என்று சாவியைத் திருப்பினீர்கள்.

‘டக்.’

அந்த நேரத்தின் பயம் இன்னும் போகவில்லை அண்ணி. கடல் வற்றுகிற நேரம் அது. தண்ணீர் நம்மை வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அலையாத்திக் காடு சின்னதாகிக்கொண்டே போனது. துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள் வருகிற பாதை அந்தப் பக்கம்தான். என் போனில் சிக்னல் இருந்தது, அது நம் புண்ணியம். பாக் மானைக் கூப்பிட்டேன். பூலாவ் கெத்தாம் தீவுக்கு ஆளை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். “பயப்படாத தங்கச்சி. நான் வர நேரமாகும். மொதல்ல நங்கூரத்தப் போடு. அப்புறம் இன்ஜின் மூடியக் கழட்டு. உள்ள ஒரு சக்கரம் இருக்கும். பெட்டியில கயிறு இருக்கும், அதச் சுத்தி இழுத்துப் பாரு. பேட்டரி இல்லாமயும் சில நேரம் புடிக்கும்.”

நீங்கள் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டீர்கள். கயிறு சரசரவென்று ஓடி, இழுபட்டு, நின்றது. போட் ஒரு திரும்பு திரும்பிப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் மூச்சு வந்தது. தூரத்தில் ஒரு பெரிய கப்பல், மாடி வீடுகளை அடுக்கியது போலக் கன்டெய்னர்களோடு, சத்தமே இல்லாமல் போனது. அது போய் மறைந்த பிறகு அதன் அலை வந்தது. போட் ஆடிய ஆட்டத்தில் நான் உங்கள் காலைக் கட்டிக்கொண்டேன். ‘முருகா முருகா’ என்று கத்தினேன் என்று பிறகு எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்தீர்கள்!

ஆட்டம் அடங்கியதும் நீங்கள் இன்ஜின் மூடியைக் கழற்றினீர்கள். கயிற்றைச் சுற்றி இழுத்தீர்கள். பிடிக்கவில்லை. மறுபடி சுற்றினீர்கள், இழுத்தீர்கள். கயிறு நழுவி உங்கள் மணிக்கட்டில் சுளீரென்று அடித்தது. நான் வாங்கி இழுத்தேன், எனக்குச் சக்கரமே அசையவில்லை. என்னைத் தள்ளிவிட்டு நீங்களே இழுத்தீர்கள். சுற்றுவதும் இழுப்பதுமாக, வியர்த்து, முடி அவிழ்ந்து, லைஃப் ஜாக்கெட் ஒரு பக்கம் ஏறிக்கொண்டு. திடீரென்று கயிற்றைக் கீழே எறிந்தீர்கள். தண்ணீரைப் பார்த்துக் கத்தினீர்கள்.

“போறதுக்கு முன்னாடி இந்தச் சனியனுக்கு சார்ஜ் போட்டு வச்சிட்டுப் போகக் கூடாதா நீ!”



“சனிக்கெழம ஆனா என் வாஷிங் மெஷின் பக்கத்துல கொண்டாந்து வச்சி சார்ஜ் போடுவியே! காலு இடிக்குது, இடிக்குதுன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே! எடுத்தியா? அவ்ளோ கவனமா பாத்தியே, என்ன மட்டும் எதுக்குய்யா இப்படி நடுவுல விட்டுட்டுப் போன? ஒரு வார்த்த சொன்னியா? நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னியா நீ?”

முப்பது வருடத்தில் நீங்கள் அண்ணனை ‘நீ’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சற்று முன் கோப்பி ஊற்றும்போதுகூட ‘குடிங்க’ என்றுதானே சொன்னீர்கள்? வீட்டுக்குள், கதவு சாத்திய பிறகு, நீங்கள் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல இருந்தது. எங்கே எழுந்து போவது? சுற்றிலும் தண்ணீர்.

திட்டித் திட்டி உங்கள் குரல் கம்மியது. அப்படியே போட்டின் அடியில் சரிந்து உட்கார்ந்து, செத்துப்போன அந்தப் பேட்டரியின் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதீர்கள். கூடாரத்தில் அழாதது, மூன்று மாதமாக அழாதது எல்லாம் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் முதுகில் கையை வைத்தேன்.   கொஞ்ச நேரம் கழித்து நீங்கள் என் கையை எடுத்து உங்கள் கைக்குள் வைத்துக்கொண்டீர்கள். கயிறு இழுத்து உங்கள் உள்ளங்கை தோல் உரிந்து ஈரமாக இருந்தது.

பாக் மான் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நான்தான் அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார், தண்ணீர் பாட்டிலை நீட்டினார், நம் போட்டைத் தன் படகோடு கட்டினார். கட்டி முடித்ததும் நீங்கள் கேட்டீர்கள்.

“பாக், நாங்க பூப் போட்டது சரியான எடந்தானா?”

அவர் மிதவையைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். “பூ எங்க போட்டீங்கன்னு எனக்குத் தெரியாது தங்கச்சி. ஆனா கலயத்த விட்டது இங்க. இப்ப உன் போட்டு நிக்குதே, இந்த எடத்துலதான்.”

அவர் கண்டதைச் சொன்னாரா, உங்கள் முகத்தைக் கண்டு சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. நீங்கள் குனிந்து, தோல் உரிந்த கையை அந்த உப்புத் தண்ணீரில் வைத்தீர்கள். எரிந்திருக்கும். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

போட்டை அன்றைக்கே பாக் மானுக்குக் கொடுத்துவிட்டீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, நான் கிளினிக்கைப் பூட்டும் நேரம், வாசலில் குடையோடு நின்றுகொண்டிருந்தீர்கள். கிள்ளானிலிருந்து ரயில் ஏறி வந்திருந்தீர்கள். “சும்மாதான் வந்தேன். தோச சாப்பிடலாமா?” என்றீர்கள். அதற்கப்புறம் எந்த வெள்ளிக்கிழமையும் நான் தனியாகச் சாப்பிட்டதில்லை. கல்யாணம் செய்துகொள்ளாத என்னை எல்லாரும் ஏன் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். தனியாக இருக்கும்போது காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான். சட்னி காரம் என்று ஒவ்வொரு வாரமும் குறை சொல்வீர்கள், ஒவ்வொரு வாரமும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்குவீர்கள். ரயில் கிளம்பும்போது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, வீட்டுக்குப் போனதும் போன் பண்ணு என்று சைகை காட்டுவீர்கள். ஊருக்குப் போவது நீங்கள், போன் பண்ண வேண்டியது நானா என்று நான் சிரிப்பேன்.

வயிற்று வலி என்று நீங்கள் சொல்லத் தொடங்கியபோது நோய் வெகுதூரம் போயிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், பேசவே தெம்பில்லாத ஒரு மத்தியானம், என்னைக் கிட்டே வரச் சொன்னீர்கள். “ஷாமினிகிட்ட சொல்லியிருக்கேன். நீயும் கூட நில்லு. என்ன எங்க விட்டாங்கன்னு எம் மகளுக்குத் தெரியணும். கடல்லதான்னு எவனும் அவகிட்ட சொல்லக் கூடாது.”

நின்றேன் அண்ணி. உங்கள் வீட்டு வாசலில் மறுபடி கூடாரம், மறுபடி அதே நாற்காலிகள். மறுநாள் ஷாமினி கலயத்தைத் தானே எடுத்துக்கொண்டாள். சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன், “சித்தப்பா, அவதான் எடுத்துட்டு வருவா. நானும் வரேன். அண்ணி கேட்டுக்கிட்டது.”

“வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லம்மா” என்றார்.

ஷாமினி சண்டை போடவில்லை. “தாத்தா, எங்கம்மா அன்னிக்கு இந்த வாசல்லதான் நின்னாங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்று மட்டும் கேட்டாள். அவர் வாசலோரம் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். பிறகு, “செருப்பு வழுக்காததா போட்டுக்க” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். கடலில், ஷாமினி குனிந்து கலயத்தை இறக்கியபோது அவள் விழுந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான். பாக் மான் இடத்தைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். சாம்பல் கொஞ்ச நேரம் ஒரு மெல்லிய துணி மாதிரி மேலே கிடந்தது. பிறகு இல்லை. ஷாமினி என் தோளில் முகத்தை வைத்துச் சத்தமாக அழுதாள். நன்றாக அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

எழுதி முடிப்பதற்குள் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் கிளினிக்கில், பல் கட்ட வந்த ஒரு வயதான அம்மா, சுங்கை பூலோவிலிருந்து வந்திருந்தார், முறை வரும்வரை என்னிடம் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், என்ன சம்பளம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, “கூடப் பொறந்தவங்க எத்தன பேரும்மா?” என்றார். வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லி வந்திருக்கிறேன். அன்று யோசிக்கவே இல்லை, வாயில் தானாக வந்தது.

“ரெண்டு பேரும்மா. ஒரு அண்ணன், ஒரு அக்கா.”

“எங்க இருக்காங்க?”

“ரெண்டு பேரும் கடல்ல.”

அவர் முகம் மலர்ந்தது. “ஓ, கப்பல் வேலையா? நல்ல சம்பளமாச்சே!”

ஆமாம் என்று சொல்லிவிட்டேன் அண்ணி.